நெஞ்சு உயரக் கட்டில்

நாற்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர், ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு கேரவன் வாங்கினார். அடுப்பு, குளியலறை, சாப்பாட்டு மேசை, பெஞ்சு, பின்கோடியில் இருவர் படுக்கும் கட்டில் என்று ஒரு குட்டி வீடே அதற்குள் இருந்தது. அவர் மனைவி பூகோள டீச்சர். வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டிய மலைகளையும் ஏரிகளையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

வண்டியை விற்றவர் கட்டிலைக் காட்டியபோது இருவரும் கீழே நின்றபடியே தலையாட்டினார்கள். ஒருமுறை ஏறிப் பார்க்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதன் பலன் முதல் பயணத்தில் கிடைத்தது.

கட்டில் மெக்கானிக்கின் நெஞ்சு உயரம் இருந்தது. அடியில் சாமான் அறை. அதனால் அந்த உயரம். ஏறுவதற்கு ஒரு அலுமினிய ஏணி கொடுத்திருந்தார்கள். அதன் படிகள் பள்ளிக்கூட ஸ்கேல் அகலம்தான். டீச்சருக்கோ வலது முழங்கால் சரியாக மடங்காது. மெக்கானிக் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ள, எப்படியோ ஏறிவிட்டார். காலையில் இறங்கும்போதுதான் வினை. குப்புறப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, ஏணியைத் துழாவிய பாதம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய் இறங்கியது. குழம்புச் சட்டி அதில் ஊறிக்கொண்டிருந்தது.

"இனிமே நீங்க மேல படுத்துக்கோங்க. எனக்கு இந்த பெஞ்சு போதும்," என்றார் டீச்சர், கணுக்காலைத் துடைத்துக்கொண்டே.

மேலே படுத்த மெக்கானிக்கின் பாடும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இடது இடுப்பு பிடித்துக்கொண்டு உயிர் போயிற்று. ஒருமுறை ஏறினால் விடியும்வரை இறங்கக் கூடாது என்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஊரெல்லாம் ஜனங்களை ஏற்றி இறக்கிய மனிதர், ஒரு கட்டிலில் ஏற முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்? "பாவம், டீச்சருக்கு முட்டி முடியல. அவளுக்காக ஏதாவது செய்யணும்," என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்.

வீடு திரும்பியதும் வேலையில் இறங்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புத் தண்டவாளம், அவற்றில் ஏறி இறங்கும் ஒரு பலகை, கம்பிக்கயிறு, வண்டியின் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மோட்டார். பலகையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் நேரே மெத்தைக்குப் போய்விடலாம். இரண்டு வாரம் வாசலில் நிறுத்திய வண்டிக்குள்ளிருந்து ரம்பச் சத்தம் ஓயவில்லை. ஒரு நாள் காலை முழுக்க அரிசி மூட்டையை வைத்து ஏற்றி இறக்கிச் சோதித்தார். மத்தியானம் டீச்சரைக் கூப்பிட்டார்.

"எத்தன மூட்ட வெச்சுப் பாத்தீங்க?"

"ரெண்டு."

"நான் ரெண்டு மூட்டையா?"

டீச்சர் பலகையில் உட்கார்ந்ததும் மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். பலகை மெல்ல எழுந்தது. டீச்சர் முகத்தில் சிரிப்பு வந்த நேரம் பார்த்து மோட்டார் முனகி, பாதி வழியில் நின்றுவிட்டது. காலையிலிருந்து மூட்டை தூக்கியே பேட்டரி தீர்ந்திருந்தது.

"பதறாதீங்க. கதவத் தட்டாதீங்க. உள்ள எத்தன பேர் இருக்கீங்க?" என்றார் மெக்கானிக், நாற்பது வருஷப் பழக்கத்தில்.

"ஒருத்திதான் இருக்கேன். நீங்க எதிர்லதான் நிக்கிறீங்க," என்றார் டீச்சர்.

குதிக்க முழங்கால் விடாது. தூக்கி இறக்க இடுப்பு விடாது. கடைசியில் டீச்சரே தன் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி தச்சர், நாலு தெரு தள்ளிப் பட்டறை. வந்து பார்த்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துத்தான் உள்ளே வந்தார்.

"அக்கா, இறங்கிடாத. அப்படியே இரு," என்று இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவினார். "இந்த உயரம் உனக்கு எப்படி இருக்கு?"

டீச்சர் காலை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு படி இருந்தா நானே ஏறிடுவேன்."

"அத்தான், ஆள எதுக்கு மேல ஏத்தறீங்க? கட்டில கீழ இறக்குங்க. ரெண்டு பக்கமும் சுவத்துல சட்டம் அடிச்சு அதுமேல பலகைய வெச்சிருக்கான். சட்டத்தக் கழட்டி ஒன்றரை அடி கீழ அடிச்சா முடிஞ்சுபோச்சு."

மெக்கானிக்குக் காது சிவந்தது. "அடியில சாமான் இருக்கு மச்சான்."

தச்சர் குனிந்து அறைக் கதவைத் திறந்தார். இரண்டு சைக்கிள், டயரில் காற்றில்லாமல். அவற்றின் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருவிப் பெட்டி.

"சைக்கிள யார் ஓட்டப்போறா?" என்று பலகையிலிருந்து குரல் வந்தது.

"சைக்கிள் போனாப் போவுது. இந்தப் பெட்டி என்னோட வலது கை. உன் முட்டிக்காக வேற ஏதாவது யோசிக்கிறேன்."

"என் முட்டியச் சொல்லாதீங்க. நான் பெஞ்சுல சுகமாத் தூங்குறேன். உங்களுக்காகத்தான் கேக்குறேன். நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்காம உதடு வெடிச்சுக் கெடக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

மெக்கானிக் மச்சானைப் பார்த்தார். மச்சான் சட்டென்று கூரையைப் பார்த்தார்.

"இடுப்பு கொஞ்சம் பிடிக்குது," என்றார் மெக்கானிக். சொன்னதும் ஏதோ சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

தச்சர் அக்காவைத் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டார். மூன்றே நாளில் கட்டிலும் இறங்கியது. தச்சர் அகலமான இரண்டு படிகளைப் பெட்டி போலச் செய்து, மேலே சொரசொரப்பான விரிப்பு ஒட்டினார். மூடியைத் தூக்கினால் உள்ளே கருவிகள். சுவரில் பிடித்து எழ ஒரு கைப்பிடியை மெக்கானிக்கே பொருத்தினார், எட்டு திருகாணி போட்டு.

அடுத்த பயணத்தில் ஒரு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். பக்கத்துக் கேரவனில் ஓய்வு பெற்ற பல் டாக்டரும் மனைவியும் வந்திருந்தார்கள். படிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட டாக்டர், சாப்பாடு முடிந்ததும் பார்க்க வந்தார். இரண்டு படி ஏறினார், உட்கார்ந்தார். "சும்மா ஒரு நிமிஷம் படுத்துப் பாக்குறேன்," என்றார். அரை நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

அவரைத் தேடி மனைவி வந்தார். "எழுப்பாதீங்க. எங்க கட்டில் இதவிட உயரம். மூணு நாளா உக்காந்துகிட்டேதான் தூங்குறார்," என்றவர், கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். "அந்தப் பக்கத்து உயரமும் இதேதானா? இருங்க, பாத்துடுறேன்." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

பிறகு இரண்டு குறட்டை கேட்டது.

மெக்கானிக்கும் டீச்சரும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். மெக்கானிக் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். இருவரும் ஏரியைச் சுற்றி நடக்கக் கிளம்பினார்கள்.