கேட்டுட்டு வர்றேன், மேடம்

மருத்துவச்சிப் பயிற்சிக்கு வரும் தாதியருக்குத் தொழில் அறம் கற்றுக்கொடுப்பவள் நிரஞ்சனா. பல வருடம் பிரசவ வார்டில் நின்றவள் என்பதால் அவள் பாடத்தில் புத்தக வாடை குறைவு.

"பேஷன்ட் உங்ககிட்ட சொன்னது அவங்களோட சொத்து. புருஷன் கேட்டாலும் சரி, மாமியார் கேட்டாலும் சரி, நானே வந்து கேட்டாலும் சரி, அவங்கள கேட்காம எடுத்துக் குடுக்காதீங்க" என்று அந்த வாரமும் சொன்னாள். மேடமே வந்து கேட்பதை நினைத்து வகுப்பு சிரித்தது.

இரண்டு நாள் கழித்து, மாணவிகளைப் பார்வையிட அவள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டிலிருந்து அம்மா ரத்தினம்மா போன் செய்தாள்.

"கண்மணிய ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்களாம். ஆங் மோ கியோல அவ பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. இவளும் போன் எடுக்கல, மாப்பிள்ளையும் எடுக்கல. நீ அங்கதான போற, என்னன்னு கேட்டுச் சொல்லும்மா."

கண்மணி நிரஞ்சனாவின் தங்கை. ஐந்து மாத கர்ப்பம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. ரயிலில் நிரஞ்சனாவுக்கு உட்கார முடியவில்லை.

கர்ப்பிணிகள் வார்டின் வாசலில் அவளுடைய மாணவி பெதானி நின்றிருந்தாள். ஜூரோங்கிலிருந்து வரும் பெண். அதிகம் பேசமாட்டாள். அடுத்த வாரம் அவளுடைய மதிப்பீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் நிரஞ்சனாதான்.

"பெதானி, கண்மணின்னு ஒருத்தங்க உள்ள இருக்காங்களா? என் தங்கச்சி. குழந்தை நல்லா இருக்கா? அத மட்டும் சொல்லு."

பெதானி கையிலிருந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சாரி மேடம். உள்ள யார் இருக்காங்கன்னுகூட நான் சொல்ல முடியாது."

"நான் வெளியாள் இல்ல லா. அவ அக்கா."

"தெரியும் மேடம். அந்தப் பேர்ல யாராவது இருந்தா, கேட்டுட்டு வர்றேன், மேடம். அவங்க சரின்னா உங்களுக்கே போன் பண்ணுவாங்க."

சொன்ன வார்த்தையிலிருந்து அவள் நகரவில்லை. நிரஞ்சனா திரும்பி நடந்தாள். கோபத்தில் காது சூடாகியிருந்தது. தான் கற்றுக்கொடுத்ததே தன் முன்னால் கதவைச் சாத்தியிருக்கிறது என்று கீழ்த்தளத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கையை நினைத்துப் பயம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே, மாணவியை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

மத்தியானம் கண்மணியே அழைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் ரத்தம் பட்டுச்சு. இப்ப நின்னுடுச்சு. பாப்பா துடிப்பு நல்லாருக்கு."

"ஏண்டி சொல்லல?"

"போன ரெண்டு தரமும் நான் அழுது முடிக்கிறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இந்தத் தரம் கொஞ்சம் அமைதியா இருக்கணும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு வந்து, 'உங்க அக்கா கேக்குறாங்க, உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்'னு சொன்னா. அப்படி ஒருத்தர் கேட்டதும் எனக்கே உன்கிட்ட பேசணும்போல இருந்துச்சு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அடுத்த வகுப்பில் சொல்வதற்கு நிரஞ்சனா கண்மணி, பெதானி இருவரிடமும் அனுமதி கேட்டாள். பேர் வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். அதனால் பேரில்லாமல் சொன்னாள்: கேட்ட டீச்சர் நான்தான், மறுத்தவர் உங்களில் ஒருத்தர்.

பின்வரிசையிலிருந்து மாணவன் கீத் கேட்டான். "கோவம் வரலையா மேடம்?"

"வந்துச்சு. லிஃப்ட் கீழ வர்ற வரைக்கும்."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெதானி தலையைக் குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்த்துவிடாமல் இருக்க நிரஞ்சனா பெரும்பாடு பட்டாள்.

"என் பிள்ளைய பெத்துக்கிற நேரத்துல அந்த ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தைத் தொடங்கினாள்.