ஏழாம் நம்பர் லாரியின் வெள்ளைப் புகை

விடிவதற்குள் மூன்று லாரிகளின் அடியில் புரண்டு எழுந்தாயிற்று. முதுகெல்லாம் கழிவு எண்ணெய், விரலிடுக்கெல்லாம் கிரீஸ். அப்போதுதான் டிரைவர் ஏழாம் நம்பரைக் கிளப்பினான். பின்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

காலைக் குளிரில் எந்த வண்டியும் கொஞ்சம் ஆவி விடும், சூடேறினால் நின்றுவிடும். எங்கள் ஷெட்டில் அதற்குப் பனிப்புகை என்று பெயர். போன வருஷம் ஆறாம் நம்பரும் இப்படித்தான் புகைந்தது. நின்று பார்க்காமல், “பனிப்புகைதான், எடு” என்று அனுப்பிவைத்த மெக்கானிக் நான். மலை இறக்கத்தில் இன்ஜின் இறுகி நின்றது, பிரேக்கும் பிடிக்கவில்லை. ஓட்டிப்போன டிரைவர், நாங்கள் ‘விசில்’ என்று கூப்பிடுகிறவன், திரும்பி வரவில்லை. சீட்டியடித்துக்கொண்டேதான் வண்டி எடுப்பான், பாவி. இன்றைக்கும் எந்த வண்டி கிளம்பினாலும் எனக்கு அந்தச் சீட்டி கேட்கிறது. சத்தியமாகக் கேட்கிறது.

இங்கேயே வண்டி கழுவும் விசிலின் மனைவி, வாளியோடு வந்து நின்றாள்.

“அண்ணே, இது பனியா? அன்னைக்கும் பனின்னுதான் யாரோ சொன்னாங்களாம்.”

அந்த யாரோ நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

“பத்து நிமிஷம் ஓடட்டும்மா, பாத்துடலாம்.”

பத்து நிமிஷம் ஓடியது. புகை குறையவில்லை, தடித்தது. குழாய்முன் கையை நீட்டி முகர்ந்தேன். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட்டின் தித்திப்பு வாடை. நேற்று நிரப்பிய டப்பாவில் பாதி காணோம், மீதியில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை. இன்ஜினே குடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி வந்தார். “என்னய்யா வேடிக்கை?”

“ஹெட் கேஸ்கெட் போச்சு முதலாளி. இன்ஜினுக்குள்ள தண்ணி இறங்குது. கழட்டணும். மூணு நாள் ஆகும்.”

“தண்ணி ஊத்தி அனுப்பு. கெழட்டு வண்டி புகை விடாம பூவா விடும்?”

“மலை இறங்காது.”

அவர் என் காதருகே குனிந்தார். “போன வருஷம் பனின்னு சொன்னது யாரு? அவகிட்ட சொல்லட்டுமா?”

ஒரு வருஷமாக இதற்குத்தானே செத்துச் செத்துப் பிழைத்தேன்! தலையாட்டினால் போதும், வண்டி போய்விடும். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானே சொல்றேன்!” ஷெட் அதிரக் கத்தினேன். “அன்னைக்குப் பனின்னு சொன்னது நான்தாம்மா. சீக்கிரம் அனுப்புன்னு இவர் விரட்டினாரு. நானும் பத்து நிமிஷம் நின்னு பாக்கல.”

அவள் கையிலிருந்த வாளி சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடியது. என்னை அவள் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

“அதை அப்புறம் பேசிக்கலாம்ண்ணே. இப்ப இந்த வண்டி போகக்கூடாது.”

மூலையில் கிடந்த மரக்கட்டையை இழுத்துவந்து முன்சக்கரத்தில் முட்டுக்கொடுத்தாள். டிரைவர் இன்ஜினை அணைத்து, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். அடுத்த வண்டி அணைந்தது. அதற்கடுத்ததும். ஷெட்டில் நின்ற ஒன்பது வண்டிகளின் சாவிகளும் அவள் கைக்கு வந்தன.

“எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!” முதலாளி குரல் கிறீச்சிட்டது.

“அனுப்புங்க,” என்றாள் அவள். “லாரியை அனுப்ப முடியாது.”

கேட்டைச் சாத்திவிட்டுப் போனார் அவர். நாளைக்கு வேலை இருக்குமா, யாருக்குத் தெரியும்? ஒன்பது சாவிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு கட்டைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். எந்த வண்டியும் கிளம்பாமலே எனக்குச் சீட்டி கேட்டது. நானும் போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.