காட்டுமாடு நக்கிய சுவர்

குழம்பில் உப்பே இல்லை என்பது யோகேஷுக்குத் தெரியவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தவனை அக்கா விஜயராணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொழம்பு எப்டிடா இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுக்கா."

"உப்பே போடலடா. மறந்துட்டேன். நாயிகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

யோசித்துப் பார்த்தான். புளிப்பு இருந்ததா? காரம்? ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. மனைவி தேவகுமாரி காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான். பசிக்கிறதா என்று யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ கேட்பதுபோல இருக்கும். திண்டுக்கல் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில் கிடந்தது. நினைவு வந்தால் போடுவான். கொடைக்கானல் விடுதியில் வரவேற்பு மேசை வேலை. "மெதுவா வாங்க தம்பி" என்று முதலாளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகாமலே இருந்தான்.

"ஞாயித்துக்கெழம என்னோட திருப்பூர் வர்ற. வீட்டப் பூட்டிருவோம். ஒன்ன இங்க விட்டுட்டு நான் அங்க எப்டித் தூங்க?"

"சரிக்கா."

சரி என்பது எளிதாக இருந்தது. இந்தப் பேத்துப்பாறை என்ன, அக்காவின் திருப்பூர் என்ன. சுவரைப் பார்த்துப் படுத்தால் எல்லா ஊரும் ஒன்றுதான்.

மறுநாள் வெள்ளனே அடுப்படிப் பக்கம் சரக் சரக்கென்று சத்தம். யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல. பல நாளாகக் கேட்கிற சத்தம்தான். என்னவென்று அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று அக்கா அலறியதால் எழுந்து போனான்.

சன்னலுக்கு நேர் கீழே காட்டுமாடு. மலை நகர்ந்து வந்து வீட்டில் சாய்ந்தாற்போல நின்று, சுவரின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சூசைமுத்து ஜீப் ஹாரனை விடாமல் அடித்தான். அது நிமிர்ந்து பார்த்துவிட்டு, தனக்கே போகத் தோன்றியதுபோல நிதானமாக இறங்கிப் போயிற்று.

சூசைமுத்து வேலியோரம் வந்து நின்றான். "ஏலே, தோட்டத்துல பீன்சு கெடக்கு, கேரட்டு கெடக்கு. அதையெல்லாம் உட்டுட்டு ஒன் வீட்டுச் செவத்த நக்குது. அப்பிடி என்னத்தலே பூசி வச்சிருக்க?"

கேலிக்குத்தான் கேட்டான். யோகேஷுக்கு அந்தக் கேள்வி உள்ளே தைத்துக்கொண்டது. என்ன இருக்கிறது இங்கே? நான்கு சுவரும் ஒரே மண், ஒரே சுண்ணாம்பு. மற்ற மூன்றையும் அது தொடவே இல்லையே.

பல மாதம் கழித்து வீட்டின் பின்பக்கம் போனான். சுவரடியில் மண் குழிந்திருந்தது. நாக்குப் பட்ட தடம் வரிவரியாக. மேலே கூரை நீண்டிருந்ததால் மழை படாத இடம். குனிந்து மோந்தான். பிடிபடவில்லை. விரலை எச்சிலில் நனைத்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

கரித்தது.

வாயில் நீர் ஊறியது. இன்னொரு முறை தொட்டு வைத்தான். கரிப்புக்குப் பின்னால் ஒரு கவிச்சி.

"அக்கா! வெரசா வாங்க! மண்ணத் திங்கிறான்!" வேலியோரத்திலிருந்து சூசைமுத்து கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

விஜயராணியும் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "கடவுளே, எந்தம்பிக்கு முத்திப்போச்சே!"

"உப்புக்கா," என்றான் யோகேஷ். "நீயும் நக்கிப் பாரு."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சூசைமுத்துதான் துளி மண்ணைத் தொட்டு வைத்தான். முகம் சுருங்கியது. "அட, ஆமாக்கா! கருவாட்டு வாட அடிக்குது."

யோகேஷ் தலையை நிமிர்த்தினான். அடுப்படிச் சன்னல். கருவாடு அலசிய தண்ணீரைத் தேவகுமாரி அதன் வழியாகத்தான் வீசுவாள். 'ரெண்டு எட்டு நடந்து போய்க் கொட்டுனா என்ன?' என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பான். 'யாரு நடக்குறது? நீங்க வேணா தூக்கிட்டுப் போங்க.' மறுபடியும் வீசுவாள். கல்யாணமான நாளிலிருந்து.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அழுகை வந்தது. சுடுகாட்டில்கூட வராதது. இதற்குப் போய் வருகிறதே என்று அழுதுகொண்டே வியந்தான். அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சூசைமுத்து தொண்டையைச் செருமினான். "மாடு இப்பிடிப் பழகுறது நல்லதுல்ல மாப்ள. ஒரு நாளைக்கு முட்டிச் சாச்சுப்புடும்."

"மண்ண வெட்டி ஓடைக்கு அந்தாண்ட போட்டா அங்க போவுமா?"

"எனக்கென்ன தெரியும்? மாட்டத்தான் கேக்கணும்."

அன்று முழுக்க யோகேஷ் வெட்டினான். சூசைமுத்து சட்டியில் சுமந்தான். ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று நடுவில் ஒரு நினைப்பு. வைக்கவில்லை. மாடு அதையும் தேடி வரும். குழியில் புது மண்ணைப் போட்டு மிதித்தபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. தன் மேலிருந்து நாற்றம் வருவது அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, வெந்நி போடு. குளிக்கணும்."

அவள் ஓடிய ஓட்டத்தில் செம்பு உருண்டது.

விடியும்போது அவனாக எழுந்து சன்னலருகே உட்கார்ந்தான். மாடு வந்தது. சுவரடியை மோந்தது. இங்கிருந்தது எங்கே போயிற்று என்பதுபோல நின்றது. யோகேஷ் அசையவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு ஓடைப் பக்கம் இறங்கியது. அங்கே கொட்டிய மண்ணைக் கண்டுபிடித்ததா? ஓடை மறைவில் தெரியவில்லை. வெயில் ஏறியதும் போய்ப் பார்க்க வேண்டும்.

"இந்தா, தேத்தண்ணி."

ஒரு வாய் குடித்தவன் அப்படியே டம்ளருக்குள் துப்பினான். "என்னத்தக்கா போட்ட இதுல?"

"உப்பு."

"எதுக்கு?"

"சும்மா, பாக்கத்தான்," என்றாள் அக்கா.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நான் திருப்பூர் வரலக்கா."

"தனியா கெடந்து என்னடா பண்ணுவ?"

"தெரியல. வியாழக்கெழம டாக்டரப் பாக்கப் போறேன். மாத்திரைய சூசைகிட்டக் குடுத்துர்றேன், தெனம் வந்து குடுப்பான். ராத்திரி அவங்க வீட்டுல சாப்பிட்டுக்குறேன். நீ தெனம் போன் பண்ணு. ஒரு நாளு எடுக்கலன்னாலும் வந்து கூட்டிட்டுப் போயிரு."

"எடுப்பியா?"

"எடுப்பேன்."

நம்பியும் நம்பாமலும் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சன்னல் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினாள்.

"யக்கா! சன்னல் வழியாக் கொட்டாத!"

அந்தக் கத்தலில் வேலிக்கு அந்தப் பக்கம் சூசைமுத்து எட்டிப் பார்த்தான். விஜயராணி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, முற்றம் தாண்டி நடந்து போய்க் கொட்டினாள்.