மறுபடி எழுதச் சொன்னவள்

ஜூன் மாதத் தேர்வின் முடிவு ஜூலைக் கடைசியில் வந்தது. நவம்பரில் மறுபடி எழுத நினைப்பவர்கள் பெயர் கொடுக்க இன்னும் நான்கே நாள் இருந்தது.

ஜப்பானில் கல்லூரிப் படிப்புக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வுதான் வாசல். மங்கோலியாவில் குளிர்காலம் முழுக்கப் பனி உறைந்து கிடக்கும் எர்தெனெத்திலிருந்து வந்து ஒசாகாவில் மொழிப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சொலொங்கோவுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண், மொழியில் சுமார், அறிவியலில் அதற்கும் கீழே.

பிள்ளைகள் 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்று அழைக்கும் வகுப்பாசிரியை குராமொச்சி மதிப்பெண் தாளைப் பார்த்தவர் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இது போதும், சொலொங்கோ. நவம்பர்ல மறுபடி எழுதி உடம்பைக் கெடுத்துக்காதீங்க. பக்கத்து மாவட்டத்துல ஒரு காலேஜ் நம்ம பள்ளிக்குன்னு ஒரு சீட் ஒதுக்கியிருக்காங்க. நான் சிபாரிசு எழுதறேன். அக்டோபர்லயே எல்லாம் முடிஞ்சிரும்."

"ஒத்துக்கிட்டா அப்புறம் வேற எங்கயும் போக முடியாதுல்ல, சென்செய்?"

"வேற எங்க போகணும் உங்களுக்கு?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தது சொலொங்கோவை உறுத்தியது. போன வாரம்தான் அந்தக் கல்லூரி ஆள் ஒருவர் இனிப்புப் பெட்டியோடு ஆசிரியர் அறைக்கு வந்து போனார். அவரும் சென்செய்யும் மாற்றி மாற்றிக் குனிந்து வணங்கியது முடிவில்லாமல் நீண்டதை அவள் பார்த்திருந்தாள்.

அறைக்குத் திரும்பியபோது அறைத்தோழி மாரல் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாரலும் எர்தெனெத்காரி, அதே பள்ளி. இவளைவிட மூன்று வயது மூத்தவள்.

"அந்தம்மா சொல்றத நம்பாத. காலேஜுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறா. நீ மறுபடி எழுது. சயின்ஸ்ல உனக்குக் கண்டிப்பா ஏறும்."

"நீ எழுதலையாக்கா?"

"எனக்கு எழுதினாலும் ஏறாது" என்றாள் மாரல், நிமிராமலே.

மறுநாள் கட்டுரை நோட்டைக் கொடுக்க ஆசிரியர் அறைக்குப் போன சொலொங்கோ, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்துவிட்டாள். அந்தக் கல்லூரியின் பெயருக்கு நேராக அவள் பெயர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், மாரல்.

தான் விலகினால் இடம் மாரலுக்கு! நேற்றுவரை சென்செய்மேல் இருந்த சந்தேகம் அப்படியே திசை மாறியது. அந்தக் கல்லூரி விடுதியில் கரப்பான் பூச்சி என்று மாரல் ஏன் சொன்னாள்? தன் பழைய அறிவியல் நோட்டுகளைக் கேட்காமலே ஏன் கொடுத்தாள்? நேற்று ராத்திரி இவள் தட்டில் மட்டும் இரண்டு கொழுக்கட்டை கூடுதலாக விழுந்ததே, அது எதற்கு? நினைக்க நினைக்க, இத்தனை நாள் அன்பு என்று எடுத்துக்கொண்டதெல்லாம் தூண்டில் புழுவாகத் தெரிந்தது.

சாயங்காலம் மாடத்தில் மாரல் துணி உலர்த்தும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நான் மறுபடி எழுதல. அந்த சீட்டையே எடுத்துக்கறேன்."

மாரலின் கையிலிருந்த கிளிப் நழுவி மூன்று மாடி கீழே விழுந்தது.

"சரி. உன் இஷ்டம்."

"முகம் ஏன் இப்படிப் போகுது? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். போர்டுல உன் பேரைப் பாத்துட்டேன்."

மாரல் ஈரத் துண்டை ஒரு உதறு உதறினாள். "ஆமாடி, அந்த சீட்டு எனக்கு வேணும். மார்ச்சோட என் விசா முடியுது. எனக்கு வேணுங்கறதால நான் உனக்குச் சொன்னது பொய்யாயிருமா?"

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ எழுதவே மாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா?"

அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சொலொங்கோ சென்செய்யையும் நேராகவே கேட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை.

"போன வருஷம் அந்த காலேஜுக்கு நாங்க யாரையும் அனுப்பல. இந்த வருஷமும் அனுப்பலன்னா சீட்டை எடுத்துருவாங்க. மாரலை அனுப்பலாம், அவங்க மார்க்கை ஏத்துக்குவாங்களான்னுதான் பயம். உங்களைன்னா பயமே இல்ல."

சென்செய், மாரல் இருவருக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பொய்யாக இருந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம்.

கல்லூரி கொடுத்த கையேட்டை அதுவரை அவள் பிரித்தே பார்க்கவில்லை. இப்போது பக்கம் பக்கமாகத் தேடினாள். உலோகவியல் அதில் எங்கும் இல்லை. அப்பா வேலை பார்க்கும் தாமிர ஆலையின் உலைக்கூடத்துக்குள் என்றைக்காவது பொறியாளராக நுழைய வேண்டும் என்றுதான் அவள் வீட்டைவிட்டே கிளம்பினாள். அந்தப் படிப்பு வடக்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கே அறிவியல் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஜூன் மாத வினாத்தாளை எடுத்துவைத்து, நேரம் குறித்துக்கொண்டு, மறுபடி போட்டுப் பார்த்தாள். தவறியவை பெரும்பாலும் மின்சாரக் கணக்குகள். ஊர்ப் பள்ளியில் அந்தப் பாடத்தை முடிக்காமலே விட்டிருந்தார்கள். ஒரே ஒரு ஓட்டைதான், நாலு மாதத்தில் அடைத்துவிடலாம்.

கடைசி நாள் காலை பெயர் கொடுத்தாள். "சீட்டு மாரல் அக்காவுக்குப் போகட்டும், சென்செய்" என்று சொன்னபோது பெருந்தன்மை எதுவும் தோன்றவில்லை. பாரம் இறங்கினாற்போல் இருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில் அந்தக் கல்லூரி மாரலை எடுத்துக்கொண்டது. நவம்பரில் தேர்வன்று காலை மாரல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இவள் கையில் கட்டிவிட்டாள். ரயில் நிலையக் கடிகாரத்தோடு சொலொங்கோ ஒத்துப் பார்த்தாள். மூன்று நிமிஷம் முந்தி ஓடியது. உடனே போன் போட்டாள்.

"வாட்ச் ஏன் மூணு நிமிஷம் தப்பா ஓடுது?"

"உன்னை மாதிரி கடைசி நிமிஷத்துல ஓடறவளுக்குத்தான். திருகி சரி பண்ணிக்கோ. இதுலயும் சதியா? தாயே, போய் எழுது!"

சொலொங்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருகி வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அறிவியலில் முப்பத்தொன்று கூடியது. மொழியில் நான்கு குறைந்தது. மார்ச்சில் வடக்குப் பல்கலைக்கழகப் பட்டியலில் அவள் எண் வந்தது. சொல்லப் போனபோது குராமொச்சி சென்செய் எழுந்து நின்று வணங்கினார். பிறகு கவலையோடு கேட்டார்:

"அங்க பனி ரொம்பக் கொட்டும். நல்ல பூட்ஸ் இருக்கா உங்ககிட்ட?"

"எர்தெனெத்காரிகிட்டயா கேக்கறீங்க, சென்செய்?"