இடுப்பளவு வெள்ளை

ஆவணி முடிய ஒன்பது நாள் இருந்தது. புரட்டாசி பிறந்துவிட்டால் யாரும் குடி மாறமாட்டார்கள். ஐப்பசியில் மழை வந்துவிடும். ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குள், போன கார்த்திகையில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்து நான்கு நாள் நின்றது. அப்போது குழந்தைக்கு ஆரம்பித்த இழுப்பு இன்னும் விடவில்லை. அடுத்த மழைக்கு அந்த வீட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேலையூரில் மேட்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். வீட்டுக்காரி சுந்தரவல்லி அம்மாள் ஆவணி கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னாள். பத்து மாத வாடகை அட்வான்ஸ், பத்தாயிரம், ஒரே தவணையில். அதில் ஒன்பதாயிரம் எனக்கு இருந்தது. ஆனால் ஜெயவேலுவின் கையில்.

ஜெயவேலு எங்கள் அப்போதைய வீட்டுக்காரர். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு மெயின் ரோட்டில் செங்கல், ஜல்லிக் கடை வைத்திருந்தார். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதும் சிரித்தார்.

"இன்னா சார், புதுசா கேக்கற? மொதோ மொதோ குடி வந்தவரு குடுத்த துட்டு கட வச்சதுலயே பூடுச்சு. அதுக்கப்பறம் வர்றவரு குடுக்கறத வாங்கி போறவருக்குக் குடுக்கறதுதான். நீ குடுத்தது என் பையில அர மணி நேரம்கூட இல்ல. உனக்கு முன்னாடி இருந்த ஸ்ரீரங்கன் சார் எடுத்துகினு பூட்டாரு. புது ஆளக் கூட்டியா, துட்ட வாங்கிக்கினு போ."

"ஆளையும் நான்தான் பார்க்கணுமா?"

"உனக்குத்தான சார் அவசரம்? வெள்ளையடிக்க ஒரு மாச வாடக புடிச்சிப்பேன். அல்லாம் ரூல்ஸு."

மறுநாளே இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். சாமான்களை நடுக்கூடத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார்கள். இடுப்பளவுதான் அடித்திருந்தார்கள். அதற்கு மேலே பழைய பழுப்பு அப்படியே இருந்தது. இரண்டு வருடம் முன்பு நாங்கள் வந்தபோதும் சுவர் இப்படித்தான் இருந்தது. கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். ஈரம் ஏறிய கோட்டுக்கு மேல் அவர் ஒரு கை சுண்ணாம்பைக்கூட வீணாக்குவதில்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

எங்களுக்கு முன்னால் குடியிருந்த ஸ்ரீரங்கன்தான் அன்று எங்களுக்கு வீட்டைக் காட்டினார். மழைக்கு எப்படி என்று கேட்டேன். "இந்தக் கிணத்துத் தண்ணியில காபி போட்டுப் பாருங்க சார், வேற காபியே இறங்காது" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வருடமாக அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீடு பார்க்க முதலில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஸ்டேஷன் தூரம். இன்னொருவர் சமையலறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது? தாம்பரத்தில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை அதே யோசனை. ஆபீசில் ஒரே கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

"பொய் சொல்ல வேண்டாம்" என்றாள் என் மனைவி திரிபுரசுந்தரி. "ஒண்ணும் பேசாம நில்லுங்க, போதும். அது என்ன உங்களுக்குக் கஷ்டமா?"

கல்யாணமான புதிதில் 'ஒரு சுவரைக் கட்டிக்கிட்டேன்' என்று தன் அக்காவிடம் சொன்னவள் அவள்.

ஆவணி முடிய நான்கு நாள் இருக்கும்போது சரோஜினி வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்: "முதல்லயே சொல்லிடறேன் சார். நானும் அம்மாவும் மட்டும்தான். ஆம்பளை கிடையாது. இதைக் கேட்டு இதுவரைக்கும் ஏழு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க."

குழாயைத் திறந்து பார்த்தாள். பரணை எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மழைக்குத் தண்ணி உள்ள வருமா?"

ஸ்ரீரங்கனின் கிணற்றுத் தண்ணீர்க் காபி நாக்கு நுனி வரை வந்தது. நகரவில்லை. 'வராது' என்பதும் வரவில்லை, 'வரும்' என்பதும் வரவில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. உள்ளே குழந்தை இருமிற்று. பதில் தெரியாத மாணவன் முன்னால் நிற்பதுபோல அவள் பொறுமையாக நின்றாள். கடைசியில் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளை முடியும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இது வரைக்குமா?"

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றாள். ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, "வீட்டுக்காரர் கடை எங்க இருக்கு?" என்று கேட்டுப் போனாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் திரிபுரசுந்தரி. பேசாமல் நிற்கச் சொன்னவளும் அவள்தான். அவள் கண் கலங்கியிருந்ததால் நான் அதை நினைவூட்டவில்லை.

அரை மணி நேரத்தில் ஜெயவேலு வந்தார். பின்னாலேயே சரோஜினி.

"இன்னா சார், பேஜார் பண்ணிட்ட! வராதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது. வரும்னு சொல்லியிருந்தாகூட, அது போன வருசம், இப்ப கால்வா வெட்டியாச்சுன்னு நான் சமாளிச்சிருப்பேன். நீ மரம் மாரி நின்னுகினு இருந்தா நான் இன்னாத்த சமாளிக்கறது? டீச்சரம்மா அஞ்சு மாச அட்வான்ஸ்தான் தருவாங்களாம்!"

"எனக்கும் வேற வீடு கிடைக்காது, உங்களுக்கும் நாலு நாள்ல வேற ஆள் கிடைக்காது" என்றாள் சரோஜினி. "அதனால அஞ்சு."

நாலாயிரத்து ஐந்நூறு கை மாறியது. அதிலிருந்து ஜெயவேலு தொள்ளாயிரத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வெள்ள" என்றார்.

"பாதிச் சுவர்தானே அடிச்சீங்க?" என்றேன். "பாதிதான் பிடிக்கணும்."

முதலில் சிரித்தது சரோஜினிதான்.

"தோ பார்றா, இப்ப மட்டும் வாய் வருது" என்று ஜெயவேலு நானூற்றைம்பதைத் திருப்பித் தந்தார்.

"மீதி நாலாயிரத்து ஐந்நூறு?"

"டீச்சரம்மா காலி பண்ணி அடுத்த ஆள் வரும்போது. அல்லாருக்கும் அதே ரூல்ஸுதான்."

மிச்சத்துக்கு ஆபீஸ் சொசைட்டியில் கடன் போட்டு, ஆவணி கடைசி நாளில் சேலையூர் போய்விட்டோம். பணத்தைக் கொடுப்பதற்கு முன் சுவர்களை ஒவ்வொன்றாகக் கூரை வரைக்கும் பார்த்தேன். "பல்லி தேடறீங்களா?" என்று கேட்டாள் சுந்தரவல்லி அம்மாள்.

தீபாவளி கழிந்து மூன்று நாள் விடாத மழை. தரை காய்ந்தே இருந்தது. குழந்தை இழுப்பில்லாமல் விளையாடியது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தேன். மழை கொஞ்சம் குறைந்தபோது எனக்குள் ஏதோ ஏமாற்றம் போல ஒன்று எழுந்தது. தண்ணீர் வந்தால் டீச்சர் காலி செய்வாள். காலி செய்தால் என் பணம் வரும். மூன்று நாளாக நான் மழையை எதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. குடையை எடுத்தேன்.

"அந்த டீச்சரைப் பார்த்துட்டு வரேன்."

"அவங்களைப் பார்க்கவா, பணத்தைப் பார்க்கவா?" என்றாள் திரிபுரசுந்தரி. நான் செருப்பை மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "தெரியும், பதில் வராது. வழுக்கி விழாமப் போங்க" என்றாள்.

ராஜகீழ்ப்பாக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர். பழைய வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கணுக்காலளவு நின்றது. இரண்டு கட்டில்களைச் சேர்த்துச் செங்கல் மேல் ஏற்றியிருந்தார்கள். ஒன்றில் அம்மா ஸ்டவ்வோடு உட்கார்ந்திருந்தார். மற்றதில் சரோஜினி சம்மணமிட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். வீட்டுக்காரர் கடையில அம்பது செங்கல் கேட்டேன். அதுக்கும் அட்வான்ஸ் கேட்டார்" என்று சிரித்தாள். "பரவால்ல, நீங்க சொன்ன அளவுக்கு வரலை."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன்." சிவப்பு மையில் ஒரு சரி போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "காலி பண்ணுவேனான்னு பார்க்க வந்தீங்களா?"

குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அன்று போலவே காத்திருந்தாள்.

"சரி" என்றாள். "இந்த வருஷம் இல்ல சார். இன்னும் ஏழு வீடு ஏறி இறங்க என்னால ஆகாது."

அம்மா ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். "கிணறு கலங்கிக் கிடக்குப்பா. காபி நல்லாவே இருக்காது. குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்மா" என்றேன்.