பின்னறையில் நரகம்

சலவைக் கடைக்காரர் கஞ்சி செத்தபோது அவர் நரகத்துக்குப் போகவில்லை; நரகம்தான் அவருடைய கடையின் பின்னறைக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து மண் செருப்பிலிருந்து உதிர்வதற்குள், சோப்புப் பெட்டி ஒன்றை எடுப்பதற்காக மகள் பின்னறைக் கதவைத் திறந்தாள். உள்ளே, தன் பழைய மடக்கு நாற்காலியில், சவப்பெட்டியில் வைத்து அனுப்பிய அதே வெள்ளைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க அடுப்புக்கரி போலக் கனன்று சிவந்திருந்தது. சட்டை மட்டும் கருகவில்லை, மடிப்புகூடக் கலையவில்லை. அலறுவதற்காக அவள் வாயைத் திறந்தாள். அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "கதவைச் சாத்து. காத்து வருது."

சாத்தினாள். வேறென்ன செய்வாள்? பிறந்ததிலிருந்து அப்பா சொன்னதைச் செய்தே பழகிய கை.

கஞ்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பான மனுஷன், குனிந்து எவரையும் பார்த்ததில்லை, வளைந்து எவருக்கும் வழிவிட்டதில்லை என்று தெரு பார்த்து வைத்த பெயர். அவருக்கு ஒரே தம்பி, கப்பலில் சமையல்காரர். அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையானபோது தம்பிக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் கஞ்சி. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று கடத்திக் கடத்தி, கடைசியில் சொல்லவே இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் கிடையாது. அம்மாவின் குழிமேல் புல் முளைத்த பிறகு வந்து சேர்ந்த தம்பி, கடை வாசலில் நின்று நடந்ததை முழுக்கக் கேட்டார், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், "பரவாயில்லண்ணே, விடு" என்றார். அங்கேதான் வினை. கன்னத்தில் அறைந்திருந்தால் கஞ்சி தாங்கியிருப்பார். மன்னித்ததைத் தாங்க முடியவில்லை. "என்னைப் பாத்துப் பரவாயில்லன்னு சொல்ல இவன் யாரு?" என்று அன்றைக்கு நிறுத்திய பேச்சைச் சாகிறவரை தொடரவில்லை.

முதல் வாரம் தெருவே திரண்டு வந்து மூக்கில் விரல் வைத்தது. தீயணைப்பு வண்டி வந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. கஞ்சி அணையவில்லை, ஆவிதான் கிளம்பியது. கடையில் இஸ்திரி போடுகிறவள், வாய்த்துடுக்குக்காரி, "இந்த ஆவியைக் குழாய் போட்டு இந்தப் பக்கம் திருப்பிவிட்டா என் வேலை பாதியாக் கொறையும்" என்று சொல்லி மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு பாதிரியார் வந்தார். சிலுவையை முன்னால் நீட்டியபடி வாசற்படி வரை போனவர், உள்ளே இருந்த ஆளைப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"ஆண்டவர் உம்மை இங்கே தள்ளி எத்தனை நாளாச்சு?" என்றார்.

"தள்ளுறதுக்கு நான் என்ன அழுக்கு மூட்டையா? நானாத்தான் உக்காந்திருக்கேன்."

"கதவு பூட்டியிருக்கா?"

"நீங்க எப்படித் திறந்தீங்க?"

பாதிரியார் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. காவலுக்குப் பேய் இல்லை, கையில் விலங்கு இல்லை. "அப்போ எழுந்து வந்துட வேண்டியதுதானே? தம்பிகிட்ட ஒரு வார்த்தை, அவ்வளவுதானே?" என்றார். கஞ்சி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "அந்த ஒரு வார்த்தைக்கு இது தேவலை" என்றார்.

பாதிரியார் வெளியே வந்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் தண்ணீர் கொடுத்தாள். "முப்பது வருஷமா மேடையில ஏறி, கடவுள் தூக்கிப் போடுவார், தூக்கிப் போடுவார்னு சொல்லிட்டேம்மா," என்றார். "வீணா அவர்மேல பழியைப் போட்டிருக்கேன்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறியவர் வாயைத் திறந்தார், மூடினார், பேசாமலே இறங்கினார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பிரசங்கத்திலும் நெருப்பைப் பற்றிப் பேசியதில்லை. கத்திப் பேசாதது அவருடைய இருமலுக்கு நல்லது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. கடைக்கு வெளுக்க வந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் மூன்று நாளாகியும் காயாமல் புளித்த வாடை அடித்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன மாலையில், இஸ்திரிக்காரி ஈர விரிப்பு ஒன்றைப் பின்னறைச் சுவரின் வெளிப்பக்கத்தில் மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் விரிப்பு அப்பளமாக மொறுமொறுத்திருந்தது. கறையும் இல்லை, கரிவாடையும் இல்லை. மகள் அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். யோசித்தாள். மறுநாள் அந்தச் சுவர் நெடுக இரும்புக் கம்பிகள் அடிக்கப்பட்டன.

அதற்குப் பிறகு வருஷங்கள் துணி உலரும் வேகத்தில் ஓடின. ஒரு ஆஸ்பத்திரி மூன்றானது, ஓட்டல்கள் வந்தன, மகளின் கணவர் சைக்கிளை விற்றுவிட்டு வேன் ஓட்டினார், இஸ்திரிக்காரிக்குக் கீழே நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். மகள் தினமும் காலையில் பின்னறைக் கதவைத் திறப்பாள், உள்ளே கை நீட்டிச் சூடு பார்ப்பாள், சாத்துவாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அப்பன் வேகுறான், பொண்ணு காயவைக்கிறா" என்று பேசத்தான் செய்தார்கள். பேசிக்கொண்டே தங்கள் போர்வைகளையும் அவளிடமே கொண்டுவந்து போட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தது. அந்த விரிப்பில் படுக்கிற நோயாளிகள் தூங்கி எழுந்ததும், பேச்சுவார்த்தை இல்லாத மச்சானையும் முகத்தில் முழிக்காத மகளையும் உடனே பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள், பார்வையாளர் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை, கஞ்சி கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்றார் தலைமை நர்ஸ். மகள் குறைத்தாள். பலனில்லை.

ஒன்பதாம் வருஷம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கியது என்று மகள் விரிப்புக் குவியல்மேல் சாய்ந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அதில் தலை வைத்தது அதுதான் முதல் தடவை. கால்மணி நேரம் தூங்கியிருப்பாள். யாரோ தலையில் தண்ணீரைக் கொட்டியது போல விலுக்கென்று எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னக்கா, கெட்ட கனவா?" என்றாள் இஸ்திரிக்காரி.

"அப்பாவை நான் கூப்பிடவே இல்லடி."

"எங்க?"

"வெளியே. வெளியே வாங்கன்னு. ஒரு தடவைகூட நான் கூப்பிடல."

இஸ்திரிக்காரி அவளையே பார்த்தாள். பாதிரியார் கூப்பிட்டிருந்தார். தீயணைப்புக்காரர்கள்கூடக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் கூப்பிட்டிருப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்; அதனால் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தினமும் கதவைத் திறந்த கை, சூடு போதுமா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அவள் கையைத் தடுத்தவர்கள் யாருமில்லை. அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை, அவள் வாய்க்கும் பூட்டு இல்லை.

போய்க் கதவைத் திறந்தாள். இந்த முறை படியில் நிற்காமல் உள்ளே கால் வைத்தாள். புருவமயிர் பொசுங்கியது.

"அப்பா, வெளியே வாங்க."

கஞ்சி அவளைப் பார்த்தார். "ஒன்பது வருஷத்துல இப்பத்தான் வாயைத் திறக்குற" என்றார்.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்." நாற்காலி கிறீச்சிட்டது. "ஆனா கூப்பிட்டிருக்கலாம்."

அவள் அழுதாள், கண்ணீர் கன்னத்தைத் தொடுவதற்குள் காய்ந்தது. "சித்தப்பாவை வரச்சொல்றேன்" என்றாள். "சொல்லு. அது உன் இஷ்டம். எழுந்திருக்கிறதும் எழுந்திருக்காததும் என் இஷ்டம்" என்றார். "போ. கதவைச் சாத்து."

கப்பல் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தார். தகவல் போன மறுநாளே ஒரு தோள்பையோடு வந்து நின்றார். "கூப்பிட மாட்டீங்களான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. கடைப்பெண்கள், பாதிரியார், மகளின் கணவர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கதவைத் திறந்து உள்ளே போனார். செருப்பு இரண்டும் தரையில் உருகி ஒட்டின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கப்பல் அடுப்படியில நின்னவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா" என்று சொல்லிக்கொண்டே, மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே. எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம், அது அன்னைக்கே முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மா கடைசியா என்ன சொன்னாங்க? உனக்கு மட்டுந்தானே தெரியும்."

கஞ்சி எழுந்தார்.

மகள் பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அசையாத மனுஷன் எழுந்து நின்று, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரடி எடுத்து வைத்தார். இன்னோரடி. திறந்த கதவுக்கும் அவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இஸ்திரிக்காரி "வந்துட்டாருக்கா!" என்று கத்தினாள். கஞ்சி இடதுபக்கம் திரும்பினார். அங்கே, யாரும் வாங்க வராத துணிகளைப் போட்டு வைக்கிற பழைய இரும்பு பீரோ இருந்தது. அதைத் திறந்தார், கோட்டுகளை ஒதுக்கிவிட்டு உள்ளே ஏறி நின்றார், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

பீரோ மெல்லச் சிவந்தது. அறை முழுவதும் இருந்த சூடு அந்த இரும்புக்குள் சுருங்கிக்கொண்டது. சுவரின் மறுபக்கம் கம்பியில் கிடந்த விரிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. "ஆண்டவரே," என்றார் பாதிரியார், "இதைவிடச் சின்னதாவும் ஒரு நரகம் இருக்கா?"

சித்தப்பா மட்டும் அதிரவில்லை. எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்கு முன்னால் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.

இப்படியாகக் கடைக்குத் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்க நேர்ந்தது. இரண்டு ஓட்டல்கள் கைவிட்டுப் போயின, இஸ்திரிக்காரிக்குக் கீழே இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பழையபடி யாரையும் கேட்காமல் தூங்கினார்கள். தலைமை நர்ஸ் நன்றி சொல்லி அனுப்பினார். சித்தப்பா கடை மாடிக்கே குடிவந்துவிட்டார். தினமும் சாப்பிட்டதும் ஒரு கோப்பைத் தேநீரைப் பீரோவின் தலையில் வைப்பார், அது கொதிக்கும். அவர் பேச ஆரம்பிப்பார். புயல், துறைமுகம், எலி தின்ற மாவு மூட்டை, சின்ன வயதில் அண்ணன் தோளில் உட்கார்ந்து பார்த்த ரயில். இஸ்திரிக்காரி அந்தப் பக்கத்திலிருந்து, "கல்லுல நார் உரிக்கிறீங்க சித்தப்பா" என்பாள். "கல்லா இருந்தா ஏம்மா இவ்வளவு சுடுது?" என்பார் அவர்.

இரண்டு குளிர்காலம் போனது. ஒருநாள் பேச்சுவாக்கில் அவர், "அம்மாவுக்கு எப்பவும் அந்தப் பச்சைப் போர்வைதான். கடைசி நாளும் அதைத்தான் போத்தியிருப்பாங்க" என்றார்.

"நீலம்டா," என்றது பீரோ.

இஸ்திரிக்காரியின் கையிலிருந்து நழுவிய பெட்டி மேசையில் விழுந்து ஓட்டல் மேனேஜரின் பேன்ட்டைப் பொசுக்கியது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தப்பாகச் சொன்னால் பொறுக்காத மனுஷன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 'டா'வை யாரும் எதிர்பார்க்கவில்லை. சித்தப்பா தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நீலமா? சரிண்ணே" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்தது வருவதற்கு இன்னொரு வருஷம் ஆனது. அதுவும் யாரும் கேட்காமல்தான் வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, சித்தப்பா வாளியில் உட்கார்ந்தபடியே அரைத் தூக்கத்தில் இருந்தார். "கண்ணைத் திறக்கிறப்பல்லாம் உன்னைத்தான்டா கேட்டாங்க," என்றது உள்ளிருந்து வந்த குரல். "பக்கத்துல நான் இருந்தேன். என்னைக் கேக்கல."

அன்றைக்குப் பீரோவின் தலையில் வைத்த தேநீர் கொதிக்கவில்லை. ஆறிப்போகவும் இல்லை. குடிக்கிற பதத்தில் இருந்தது. சித்தப்பா அதைக் குடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இரும்பு அவரைச் சுடவில்லை.

கஞ்சி இன்னும் வெளியே வரவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்: பின்னறை பீரோவில் முதலாளியின் அப்பா இருக்கிறார், அதன்மேல் ஈரத்துணி போடக் கூடாது, பக்கத்தில் நின்று பச்சைப் போர்வை என்று சொல்லக் கூடாது. முதல் நாள் பயப்படுவார்கள், மறுநாள் தங்கள் சாப்பாட்டு டப்பாவைச் சூடு பண்ண வைப்பார்கள். மகள் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் நேரே அங்கேதான் போகிறாள். பின்னறைக் கதவை அகலத் திறந்து வைத்து, "அப்பா, வரீங்களா?" என்று கேட்கிறாள். தலை வாரி முடிக்கிற நேரம் காத்திருக்கிறாள்.

"கதவைச் சாத்து. காத்து வருது," என்று பதில் வருகிறது.

அவள் சாத்துவதில்லை. அது அவள் இஷ்டம்.