பஸ்ஸில் வந்த பசி

முசிறி வீரமலையின் வயிற்றில் முக்கால் பாகத்தைத் திருச்சி டாக்டர் வெட்டி எடுத்த மறுநாள், வீரமலையின் பசி மட்டும் தனியாக பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியது. அறுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம். காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. பசி கண்ணுக்குத் தெரியவில்லை. அது இருந்த இடத்துக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பசித்தது, அவ்வளவுதான். திருவானைக்காவல் தாண்டுவதற்குள் முன்சீட்டுக்காரர்கள் வீட்டுக்கு வாங்கிப்போன பலகாரப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் சாயங்காலத்துக்கு வைத்திருந்த மாவு காலையிலேயே தீர்ந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும், பிறந்ததிலிருந்து கத்தரிக்காயைத் தாண்டாத ஒரு சைவ வாத்தியார் உட்பட, பழைய சோறும் சுட்ட கருவாடும் வேண்டும்போல் இருந்தது. கண்டக்டர் காஜா மைதீனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "பழைய சோறு, கருவாடுன்னா இது நம்ம வீரமலை அண்ணன் பசியாச்சே" என்று சொல்லி, முசிறியில் இறங்கி அதை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வீரமலை வாழை விவசாயி. பந்தியில் அவர் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் ஆள் மாற்றிக்கொள்வார்கள்; வண்டியில் ஏறினால் மாடு திரும்பிப் பார்க்கும். சாப்பாட்டு ராமன் என்றால் கோபப்படமாட்டார், சிரிப்பார். வயிற்றுப் புண் முற்றி ரத்தமாகக் கக்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. ஆபரேஷன் முடிந்து மிச்சமிருந்த வயிறு ஒரு சாத்துக்குடி அளவுதான். நர்ஸ் இருதயமேரி வீரமலையின் மனைவி அமிர்தத்தைத் தனியே கூப்பிட்டு, கஞ்சித் தெளிவில் தொடங்கி, பருப்புத் தண்ணீர், மசித்த சோறு, அவித்த முட்டை என்று மெல்ல மெல்ல ஏற வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். "நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்கம்மா. சாப்பிடறப்போ தண்ணி வேணாம். கூழா மென்னு முழுங்கச் சொல்லுங்க. போதும்னு தோணுறதுக்கு முன்னாடியே கைய நிறுத்திடணும். ஆசைப்பட்டு ஒருவேளை வயிறு முட்டத் தின்னுட்டாருன்னா தையல் பிரிஞ்சிரும், அப்புறம் எங்க கையில இல்ல."

ஆகவே வீரமலையைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, வாசலில் பசி காத்திருப்பதைக் கண்டக்டர் சொல்லி அறிந்த அமிர்தம் அவரைத் தெருமுனையிலேயே உட்காரவைத்துவிட்டு முன்னே வந்தாள். புருஷனுடைய பசி என்பதால் அவள் அதனிடம் மரியாதையாகவே பேசினாள். "உள்ள வராதீங்க. அவரு ஒடம்பு தாங்காது. கொல்லையில இருங்க" என்றாள். பசி சொன்னபடி கேட்டு, கொல்லையில் வாழைக்கூட்டத்துக்குள் போய்த் தங்கியது. சாப்பிட மறுக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தொட்டியம், தா.பேட்டையிலிருந்தெல்லாம் தாய்மார்கள் வந்தார்கள். வாழைக்கு அருகில் சற்று நேரம் நிறுத்தினால் போதும், பிள்ளை மண்ணைக்கூடத் தின்னும். அமிர்தம் யாரையும் தடுக்கவில்லை. பசி வீட்டுப் பக்கம் நகராமல் இருந்தால் சரி என்று இருந்தாள்.

பசியில்லாமல் சாப்பிடுவது வேலைக்குப் போவது போலத்தான். பிடிக்கிறதோ இல்லையோ, நேரமானால் போயாக வேண்டும். வீரமலை அப்படித்தான் சாப்பிட்டார். காலையில் இரண்டு கரண்டி, வெயில் ஏறியதும் இரண்டு கரண்டி, உச்சியில், சாய்ந்த பிறகு, விளக்கு வைத்ததும், படுக்குமுன் என்று மென்றுகொண்டே இருந்தார். தொப்பை வற்றியது, முகம் தெளிந்தது. ஊரே அவரைப் பார்த்ததில், அமிர்தத்தை யாரும் பார்க்கவில்லை. புருஷன் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடுவது அவள் வழக்கம். இப்போது அவர் முடிப்பதே இல்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் அவளுக்கு மசிப்பதும் வடிகட்டுவதுமாகப் பொழுது போயிற்று. தை பிறப்பதற்குள் அவளுடைய வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது. வீரமலை கடைசியில் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"நீ எப்பப் புள்ள சாப்பிட்ட?"

"நீங்க முடிக்க வேணாமாங்க?"

"நான் எங்க முடிக்கிறது? நீ மொதல்ல சாப்பிடு."

"நல்லாச் சொன்னீங்க. எனக்குப் பசியே இல்லீங்க."

அது பொய்யில்லை. கவலை தின்ற வயிற்றில் பசிக்கு இடம் ஏது? மறுநாள் மத்தியானம் அவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாள். தன் பெண்டாட்டி தன் கண் முன்னால் பட்டினியில் போய்விடுவாள் என்று வீரமலைக்கு அன்றுதான் உறைத்தது. அவர் அழுதார். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனார்.

பசி அவரை உடனே தெரிந்துகொண்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். வீரமலைக்கு டாக்டர், தையல், இருதயமேரி எல்லாம் பறந்துவிட்டன. வாழைத்தாரில் பழுத்திருந்த சீப்பின் மேல் கை போய்விட்டது. கையை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, முரட்டு மாட்டை நடத்துவது போல அதை அடுப்படிவரை நடத்தி வந்து அமிர்தத்தின் பக்கத்தில் விட்டார். "இவகிட்ட இரு. எங்கிட்ட வராத" என்றார். விட்டதும் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு ஓடி, முக்கொம்புப் பக்கம் போன ஒரு மணல் லாரியில் ஏறிக்கொண்டார். எவ்வளவு தூரம் போனால் அடங்கும் என்று அவருக்குத் தெரியாது. குணசீலம் வந்ததும் அடங்கியது.

பொழுது சாய்ந்து அவர் திரும்பியபோது அமிர்தம் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றுப்பானை காலி, குழம்புச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, கை அடுத்த கவளத்துக்குப் போனது. வீரமலை வாசற்படியிலேயே நின்று பார்த்தார். தனக்குப் பசிக்கவில்லை என்பதைக் கவனித்தார். பசி அவளுக்குள் போய்விட்டிருந்தது.

அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அதன் பிறகு முதல் இலை அமிர்தத்துக்குத்தான் விழுந்தது. அவள் நிறைய சாப்பிட்டு எழுந்த பிறகு, வீரமலை தன் இரண்டு கரண்டியை நிதானமாக மென்றார். ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஆம்பளை காத்துக்கிடப்பதா என்று கேட்டார்கள்.

"பசி அவகிட்ட இருக்கு," என்பார் வீரமலை. "அவதானேங்க மொதல்ல சாப்பிடணும்?"